தோல் வைத்து முறுக்கியவன்

குண்டூசியின் மூக்கில் முதல் குத்து விழுந்தபோது அவன் வாயில் பாதி வணக்கம் மிச்சமிருந்தது. இரண்டாவது குத்தில் அதுவும் போயிற்று. பின்னால் பறந்துபோய் அட்டைப் பெட்டிக் குவியலில் விழுந்தான். பெட்டிகளுக்குள் இருந்த கிட்டார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முனகின.

"கதவைத் தட்டாம வந்ததுக்கா இது? இல்ல, வேற ஏதாவது கோவமா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

எதிரே நின்றவனின் சட்டைப் பையில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதியிருந்தது. ஊரில் அவனைத் தடியன் என்பார்கள். ஊர் சொன்னதுதான் பொருத்தமாக இருந்தது. அவன் குண்டூசியின் காலரைப் பிடித்து ஒரே கையால் தூக்கினான். தூக்குவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. குண்டூசி என்கிற பெயரை யாரும் அவனுக்குச் சும்மா வைத்துவிடவில்லை.

"காலையிலேர்ந்து ஆளாளுக்கு வந்து ஒரே கேள்வி," என்றான் தடியன். "அந்தக் கிட்டார்காரன் கையை நீதானே நசுக்கினேன்னு. போலீஸ்காரன் கேட்டான், அவனை அடிக்க முடியாது. பத்திரிகைக்காரன் கேட்டான், அவன் ஓடிட்டான். நீ வசமா மாட்டினே."

"அப்ப என் பங்குக்கு மட்டும் அடிங்க. மத்தவங்க பங்கை அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க."

பதிலாக வயிற்றில் ஒன்று இறங்கியது. குண்டூசிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாய்க் கொழுப்பு வயிற்றைக் காப்பாற்றாது என்பது அவனுக்கு எப்போதும் அடி வாங்கிய பிறகுதான் ஞாபகம் வரும்.

"போதும், விடுப்பா அவனை," என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, கையில் மரக் கைப்பிடி வைத்த நீளக் குடை. குண்டூசிக்கு அம்மாவின் தங்கை, அதனால் அவன் சித்தி என்பான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வக்கீல், போலீஸ், திருடன் எல்லோருக்குமே அவர் சித்தியாகிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகி, அந்த ருசி விடாமல் தனியாகத் துப்பறிய உட்கார்ந்தவர்.

"நீ யாரு கிழவி?" என்று தடியன் திரும்பினான்.

சித்தி குடையின் முனையால் அவன் முழங்கால் சில்லில் ஒன்று வைத்தார். சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் தடியன் குண்டூசியைத் தொப்பென்று போட்டுவிட்டு, காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உட்கார்ந்தே பேசுவோம். உன்னை நிமிர்ந்து பார்த்தா எனக்குக் கழுத்து வலிக்குது," என்றார் சித்தி.

விஷயம் இதுதான். ஊர்க்கோடியில் சின்னப் பட்டறை போட்டு ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்துவந்தார். அவர் மரத்தை அறுப்பார், மனைவி தந்தி மாட்டிச் சுருதி சேர்ப்பாள். அவர்கள் கிட்டாருக்கு ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை, இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வாசிக்கிறவர்கள் செல்லமாக அதைக் 'கோணல்' என்பார்கள். அதே சாய்வைப் பெரிய கம்பெனி தன்னுடைய டிரேட்மார்க் என்று பதிவு செய்துகொண்டு, தன் வடிவத்தைக் கிட்டார்காரர் திருடிவிட்டார் என்று வழக்கும் போட்டது. கம்பெனி ஜெயித்தால் பட்டறையில் இருக்கிற கோணல்களையெல்லாம் உடைத்துப் போட வேண்டும், இனி ஒன்றுகூடச் செய்யக் கூடாது. அதற்குக் கிட்டார்காரரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கம்பெனி பதிவு செய்வதற்குப் பல வருஷம் முன்பே அவர் பட்டறையில் பிறந்த முதல் கோணல். அதை வாங்கி மேடை மேடையாக வாசித்துத் தேய்த்த பாட்டுக்காரர் ஒருவர், வழக்குக்காக அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். நாளைக் காலை அதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும்.

இன்று காலை யாரோ பட்டறைக்குள் புகுந்து, கிட்டார்காரரைப் பின்மண்டையில் அடித்துச் சாய்த்து, அவருடைய இடது கையை மேஜையில் பொருத்திய வைஸ் என்கிற இரும்புக் கிடுக்கிக்குள் வைத்து விரல் நொறுங்குகிறவரை முறுக்கிவிட்டு, முதல் கோணலோடு கிளம்பிவிட்டார்கள். போன வாரம்தான் அந்தக் கம்பெனியின் ஆளான தடியன் பட்டறை வாசலில் நின்று, கையை உடைத்துவிடுவேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தான். கிட்டார்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சித்தியிடம் வந்தாள். "அவர் விரல் போனது போச்சு. பட்டறையும் போனா கண்ணு முழிச்சு அவர் எதைப் பார்ப்பாரு? எனக்கு அந்தக் கிட்டார் வேணும்," என்றாள். அழவில்லை. அது குண்டூசிக்கு அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது.

சித்தி கம்பெனிக் கிடங்கின் ஓரத்தைக் காட்டினார். பழுது பார்க்கும் மேஜை, அதில் ஒரு வைஸ். "என் குடைக் கைப்பிடி ஆடுது. அதுல வெச்சு ஒரு முறுக்கு முறுக்கிக் குடு. நாங்க போயிடறோம்."

தடியனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டே போனான். குடையின் கைப்பிடியை வைஸின் இரும்புப் பற்களுக்கு நடுவில் அப்படியே சொருகி, தம் பிடித்து முறுக்கினான். கைப்பிடி படீரென்று விரிந்தது.

"உடைஞ்சிடுச்சு," என்றான் தடியன்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் சித்தி. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"இத பாருங்க," என்று தடியன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். "ஒருத்தன் கையை உடைக்க எனக்கு எதுக்கு வைஸு? மிரட்டச் சொன்னாங்க, மிரட்டினேன். எவனோ என் வாயை வெச்சு அவன் வேலையை முடிச்சிருக்கான். அந்தக் கோவத்துலதான் இந்தப் பையனை அடிச்சேன்."

"மேலதிகாரியைப் பார்க்கப் பட்டறைக்காரங்க யாராவது வந்து போனாங்களா?"

"ஒருத்தன் வருவான். பின்வாசல் வழியா நேரா மாடிக்குப் போயிடுவான். நான் மூஞ்சியைப் பார்த்ததில்ல. அவன் வந்துட்டுப் போனா லிஃப்ட் முழுக்க வார்னிஷ் வாடை."

காரில் ஏறியதும் குண்டூசி மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டான்.

"சித்தி, ஒரு சந்தேகம். நான் அடி வாங்கறதுக்கு முன்னாடியே உங்களால உள்ள வர முடியாதா?"

"அவன் எந்தக் கையால அடிக்கறான்னு பார்க்க வேண்டியிருந்தது."

"எந்தக் கை?"

"ரெண்டாலயும்."

"அதை நானே சொல்லியிருப்பேனே!"

சித்தி கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவன் மடியில் போட்டார். உள்ளே இரண்டு சின்னத் தோல் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு தடவை மடிக்கப்பட்டிருந்தது. சொரசொரப்பு உள்பக்கம், வழவழப்பு வெளிப்பக்கம். வெளிப்பக்கத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"வைஸுக்கு அடியில கிடந்தது. போலீஸ்காரங்க கந்தல்னு தாண்டிப் போயிட்டாங்க. கிட்டார்காரர் விரல் இது ரெண்டுக்கும் நடுவுலதான் இருந்திருக்கு."

"அவங்க வைஸ்ல எப்பவுமே வெச்சிருக்கற தோலா இருக்கும்."

"இல்ல. அது இரும்பு அராவறதுக்கான வைஸு. அதுல தோல் வைக்கற வழக்கமே இல்லைன்னு அந்தம்மா சொன்னாங்க. மரத்துக்கு வேற வைஸு, ஜன்னலோரம் இருக்கு. அப்ப இதை வெச்சது வந்தவன்."

"எதுக்கு? அவருக்கு வலிக்கக் கூடாதுன்னா?"

"யோசிச்சு வெச்சிருந்தா நானும் இதைக் கவனிச்சிருக்க மாட்டேன்டா. கை தானா வெச்சிருக்கு. கிட்டார் செய்யறவன் வைஸுக்குள்ள எதைக் கொடுத்தாலும் பல்லுத் தடம் விழக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் தோல் வெச்சுத்தான் முறுக்குவான். தடியன் என்ன பண்ணான்? என் குடையை அப்படியே கடிக்க விட்டான்."

 ஒரு மனுஷனின் விரலை நொறுக்க வந்தவன், விரலின் மேல் கீறல் படாமல் பார்த்துப் பார்த்து நொறுக்கியிருக்கிறான். தடியனின் குத்தே மரியாதையான விஷயம் என்று குண்டூசிக்குத் தோன்றியது.

"அப்ப லிஃப்ட்டுல வார்னிஷ் வாடையோட போறவன்..."

"அவனேதான். இந்தத் தொழில்ல இருக்கறவங்க ஒவ்வொருத்தர் கைவாகும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரே, அவரைப் போய்ப் பார்ப்போம்."

"மைத்துனரா? நல்ல ஆள் சித்தி. கிட்டார்காரருக்கு ரத்தம் வேணும்னதும் முதல்ல கையை நீட்டினது அவருதான்."

மைத்துனர் என்றால் கிட்டார்காரரின் மனைவிக்குத் தம்பி. அக்காள் புருஷனிடமே தொழில் கற்று, பல வருஷம் அந்தப் பட்டறையிலேயே மரம் அறுத்து, பிறகு தனியாகச் சின்னதாக ஒரு பட்டறை போட்டவன். கோணலையும் அங்கே செய்துவந்தான். குண்டூசி ஒரு காலத்தில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்தவன். குழு கும்பிடு போட்டு அனுப்பிவைக்கிறவரை அவனுக்கு அறுந்த தந்தியெல்லாம் இலவசமாக மாற்றிக் கொடுத்தது இந்த மைத்துனன்தான். அவன் மேல் குண்டூசிக்கு நிஜமாகவே பிரியம் உண்டு.

பட்டறை ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்தது. மைத்துனன் ஏப்ரனோடு வாசலுக்கு வந்தான். ரத்தம் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. கண் சிவந்திருந்தது.

"மாமா இன்னும் கண்ணு முழிக்கலை. அங்க உட்கார முடியலை சித்தி. இங்க வந்து கையில ஏதாவது வேலையை எடுத்தாத்தான் மூச்சு வருது," என்றான்.

"அதுக்கென்ன, நான் ஒரு வேலை கொண்டுவந்திருக்கேன்," என்று சித்தி குடையை நீட்டினார். "கைப்பிடி விரிஞ்சிடுச்சு தம்பி. முதல்ல இதைப் பாருங்க, அப்புறம் பேசுவோம்."

மைத்துனன் விரிசலைத் தடவிப் பார்த்தான். அதற்குள் பசையை ஊட்டினான். மாமா தனக்கு முதன்முதலில் உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே ஏப்ரன் பைக்குள் கையை விட்டான். சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனால் கை நிற்கவில்லை. இரண்டு தோல் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தடவை மடித்து, கைப்பிடியின் இரண்டு பக்கமும் வைத்து வைஸை இறுக்கினான்.

சொரசொரப்பு உள்பக்கம். வழவழப்பு வெளிப்பக்கம்.

குண்டூசி சித்தியைப் பார்த்தான். சித்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவன் மூக்குல இன்னும் ரத்தம் வருது. கழுவறதுக்குக் குழாய் எங்க தம்பி?"

"பின்னாடி, பெயிண்ட் அறையைத் தாண்டி," என்றான் மைத்துனன்.

"போய்க் கழுவிட்டு வாடா. நல்லா நிதானமா கழுவு. நான் வாசல்ல நின்னு ஒரு போன் பேசிட்டு வரேன்."

போகும்போது குண்டூசி தன் மனசைத் தேற்றிக்கொண்டான். எல்லாக் கிட்டார்காரர்களும் தோலை இப்படித்தான் மடிப்பார்களாயிருக்கும். ரத்தம் கொடுத்த மனுஷன் ரத்தம் எடுப்பானா? அப்படி ஒருவன் இருந்தால் இந்த உலகத்தில் யாரைத்தான் நம்புவது?

பெயிண்ட் அறையில் கிட்டார் உடல்கள் வரிசையாகக் கம்பியில் தொங்கின. கழுத்து இல்லை, தந்தி இல்லை, எல்லாம் புதுக் கறுப்பு. பூச்சு இன்னும் ஈரம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒன்று மட்டும் அப்படி மின்னவில்லை. அதன் முதுகு நடுவில், பூச்சுக்கு அடியில், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். வாசிக்கிறவன் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் உரசி உரசிப் போட்ட கீறல்கள். குண்டூசியின் பழைய கிட்டாரிலும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது.

இன்னும் யாரும் தோளில் மாட்டாத புதுக் கிட்டாருக்கு எப்படி பெல்ட் கீறல் வரும்?

அவன் திரும்பினான். வாசலில் மைத்துனன் நின்றான். கையில் பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்.

"மூக்கு கழுவியாச்சா?" என்று அன்பாகக் கேட்டான்.

"இதோ, கழுவத்தான்..." என்று குண்டூசி சிரிக்கப் பார்த்தான். அவன் முகம் எப்போதும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதும் காட்டிக்கொடுத்தது.

கறுப்புப் பெயிண்ட் இரண்டு கண்ணிலும் பீச்சியடித்தது. குண்டூசி அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தினான். முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. எங்கோ தலை இடித்தது, உதடு கிழிந்தது. பிறகு மரம் அறுக்கிற பேண்ட்சாவை யாரோ போட்டுவிட்ட சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு மனுஷன் எவ்வளவு கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. பட்டறையில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது, மைத்துனன் வைஸிலிருந்து குடையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான். தோல் துண்டுகள் தரையில் விழுந்தன. அவன் அவற்றை எடுக்கவில்லை. குண்டூசியின் இடது கையை இழுத்து இரும்புப் பற்களுக்கு நடுவில் திணித்து முறுக்கினான்.

"கிழவிக்குத் தெரியுமா?"

"சித்திக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் எதையும் சொல்லித் தொலைக்க மாட்டாங்க."

இன்னொரு முறுக்கு. பல் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. குண்டூசி தன்னையறியாமல் அம்மாவைக் கூப்பிட்டான்.

"யார்கிட்டடா போன் பேசறா?"

"அவங்க பழைய கம்பெனிக்கா இருக்கும். எனக்கு... இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்க..."

அடுத்த முறுக்கில் உள்ளே ஏதோ நெறுக்கென்றது. ஒரு விரலா, இரண்டா என்று தெரியவில்லை. வலி தோள் வரை ஏறி மூளையில் போய் அறைந்தது. சிரித்துப் பேசி எதையும் சமாளித்துவிடலாம் என்று அவன் இத்தனை வருஷமாக நம்பிவந்தான். அந்த நம்பிக்கை அந்த வைஸுக்குள் நசுங்கிப்போயிற்று. அவன் அழுதான்.

பின்னாலிருந்து சித்தி வந்தார். சுவரில் மாட்டியிருந்த கிட்டார் கழுத்து ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து மைத்துனனின் தோளில் வீசினார். மரம் இரண்டாக உடைந்தது. மைத்துனன் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. மேஜையிலிருந்த மரச்சுத்தியை எடுத்துத் திருப்பி அடித்தான். கண்ணாடி நொறுங்க, நெற்றி பிளந்து, சித்தி மரத்தூளில் போய்ச் சாய்ந்தார். மைத்துனன் சுத்தியை எறிந்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் நடந்தான்.

திடீரென்று பேண்ட்சாவின் இரைச்சல் இறங்கி, தேய்ந்து, நின்றது.

மெயின் சுவிட்ச் பக்கத்தில் கிட்டார்காரரின் மனைவி நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. தம்பியை அவள் பார்க்கவே இல்லை. நேராக வைஸிடம் போனாள். பிடியைத் திருப்பித் திருப்பித் தளர்த்தி, குண்டூசியின் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். தன் துப்பட்டாவால் சுற்றினாள். பிறகு குனிந்து தரையில் கிடந்த மரச்சுத்தியை எடுத்தாள்.

"அக்கா, நீ போயிடு. இது உனக்குத் தெரிய வேண்டாம்," என்றான் மைத்துனன்.

அவள் உளி இருந்த கையில் சுத்தியால் ஓங்கி அடித்தாள். உளி தெறித்தது. மணிக்கட்டு தொங்கியது. அவன் அலறிக்கொண்டு முழங்காலில் விழுந்தான்.

"மாமா விரலைத் தொட்ட கை இதுதானே?" என்றாள். "எங்கடா கிட்டார்?"

"பின்னாடி தொங்குது," என்றான் குண்டூசி. "மேல கறுப்பு அடிச்சு வெச்சிருக்காரு. அடியில பழசு அப்படியே இருக்கு."

மைத்துனன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசினான். "எரிச்சிடச் சொன்னாங்கக்கா. எனக்குக் கை வரலை."

"மாமா விரலை நசுக்க வந்த கை, மரத்தை எரிக்க வரலையா?"

 அவன் வேறு எதற்கோ பதில் சொன்னான். "அந்தச் சாய்வு நான் போட்டது. உனக்கே தெரியும். மீசை முளைக்காத வயசுல, உன் வீட்டுத் தரையில உட்கார்ந்து நான் வரைஞ்சது. மாமா அறுத்தாரு, அவ்வளவுதான். ஊரே அவரு கோணல், அவரு கோணல்னுச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது மச்சான் வரைஞ்சதுன்னு அவரு வாயால சொல்லியிருப்பாரா? கம்பெனிக்காரங்க புதுசா ஒரு கிட்டார் போட்டு அது தலையில என் பேரைப் போடறேன்னாங்க. அந்தப் பழசு கோர்ட்டுக்கு வரக்கூடாது, அது ஒண்ணுதான் கேட்டாங்க."

"கையை எதுக்குடா நசுக்கினே?"

"தடியன் அப்படிச் சொல்லிட்டுப் போயிருந்தான். அதே மாதிரி இருந்தா அவன் மேல போயிடும்னு..."

சித்தி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக வழிந்தது. அதைத் துடைக்காமல் கிட்டார்காரரின் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக.

"நாளைக்குக் கோர்ட்டுல மாமா என்ன சொல்றதா இருந்தாரு தெரியுமா? வரைஞ்சது என் மச்சான், அறுத்தது நான்னு. வக்கீல்கிட்ட போன மாசமே சொல்லிட்டாரு. இத்தனை வருஷம் சொல்லாம விட்டது தப்புதான், எல்லாரும் இருக்கற இடத்துல சொன்னாத்தான் அவனுக்கு மரியாதைன்னாரு. உன் காதுல அங்கதான் விழணும்னு என் வாயையும் கட்டிப் போட்டாரு."

மைத்துனன் அவளையே பார்த்தான்.  பிறகு நெற்றியைத் தரையில் மோதிக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் குண்டூசி ஓடிப்போய்த் தூக்கியிருப்பான். இப்போது அவனுக்குப் பாவமாக இருந்தது, ஆனால் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. சுவரில் தொங்கிய தடித்த தந்தியை எடுத்து, ஒரு கையாலும் பல்லாலுமாக மைத்துனனின் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினான்.

"உங்ககிட்ட நான் வாங்கின தந்தியிலேயே இதுதான் அறாம நிக்கப் போகுது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

"கிட்டார் கிடைச்சிடுச்சு," என்றார் சித்தி. "ஆனா அதை எப்ப வரைஞ்சாங்க, எப்ப அறுத்தாங்கன்னு நாளைக்குக் கூண்டுல ஏறிச் சொல்ல ஆள் வேணுமே."

"இவன் சொல்லுவான்," என்றாள் கிட்டார்காரரின் மனைவி. "விலங்கோட வந்து சொல்லுவான். இவன் ஆசைப்பட்டதும் அதானே. எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

மைத்துனன் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் மரத்தூள் ஒட்டியிருந்தது. "சொல்றேன்க்கா. எல்லாத்தையும் சொல்றேன். மாமா... பொழைச்சுக்குவாருல்ல?"

"கண்ணு முழிச்சிட்டாரு."



"போலீஸ் வந்து கேட்டாங்க," என்றாள் அவள். "பின்னாடிலேர்ந்து அடிச்சான், யாருன்னு பார்க்கலைன்னு சொன்னாரு. சொல்லும்போது என் பக்கமே திரும்பலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட பொய் சொல்லும்போது மட்டும்தான் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டாரு. இந்த ஊர்ல அவர் யாரைக் காப்பாத்த அப்படிப் பொய் சொல்லுவாரு? யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பதான் சித்தி போன் பண்ணாங்க, தம்பி பட்டறைக்கு வாங்கன்னு."

"மாமா என்னைப் பார்த்தாரா?" என்று கேட்டான் மைத்துனன். "பார்த்துட்டுமா சொல்லலை?"

"சொல்ல மாட்டாரு. இனிமேலும் சொல்ல மாட்டாரு. உன்னை அவர் மன்னிச்சு முடிச்சாச்சு."

அவன் கண்ணில் ஏதோ ஒரு நம்பிக்கை வந்ததைக் குண்டூசி பார்த்தான். அவளும் பார்த்திருக்க வேண்டும். எழுந்து நின்று, சித்தியின் கையிலிருந்த போனை வாங்கி, இன்ஸ்பெக்டரின் எண்ணைக் கேட்டு அழுத்தினாள்.  

"சார், கிட்டார் பட்டறைக் கேஸு. அவர் வாயிலேர்ந்து பேர் வராது, நான் சொல்றேன், எழுதிக்குங்க. ஆளும் இங்கதான் இருக்கான்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நானா? அடிபட்டவரோட பொண்டாட்டி. அடிச்சவனோட அக்கா."